எத்தனை பேர், எவ்வளவு வேகம்: குடிவரவு விவாதத்தை மலையகத்திலிருந்து பார்த்தால்

2024 ஒக்டோபரில் கனடா தன் குடிவரவுக் கணக்கைக் குறைத்துக்கொண்டது. 2025இல் 5 இலட்சம் பேருக்கு நிரந்தர வதிவிடம் கொடுப்பதாக இருந்த திட்டம் 3,95,000 ஆனது. 2026க்கு 3,80,000, 2027க்கு 3,65,000 என்று மேலும் இறக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியிலேயே மாணவர் வீசாவுக்கும் ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள். இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு புரட்டிக்கொண்டிருந்த பெற்றோருக்கு ஒரே கேள்விதான்: "இனி கதவை மூடிருவாங்களா?"

அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரு நாடு வெளியாட்களை எந்த வேகத்தில் உள்ளே எடுப்பது சரி? கனடாவில், பிரித்தானியாவில், ஜெர்மனியில் இதை வைத்துத்தான் தேர்தல் நடக்கிறது. மலையகத் தமிழருக்கு இதில் சொல்ல நிறைய உண்டு. நாம் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். விரட்டப்பட்டவர்களின் உறவினர்கள். இன்று மறுபடியும் புறப்பட்டுப் போகிறவர்களின் பெற்றோர். ஒரு நாடு எடுக்கக்கூடிய முடிவுகளில் பெரும்பாலானவை நம் சனத்தின் மேல் ஏற்கனவே எடுத்துப் பார்க்கப்பட்டவைதான்.

விவாதத்தைச் சுருக்கினால் மூன்று வழிகள் தெரிகின்றன. வேலைக்குத் தேவையான அளவு ஆட்களை வேகமாக எடுத்து, உரிமை எதையும் கொடுக்காமல் வைத்திருப்பது ஒன்று. கதவை மூடி, உள்ளே இருப்பவர்களையும் குறைப்பது இரண்டாவது. ஆண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணி எடுத்து, எடுத்தவர்களை நிரந்தரமாக்குவது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம் நிற்கிறேன். வருகிறவர்களின் வேகத்தை மட்டும் அளந்தால் பிழையான விடைதான் வரும். வந்தவர் உரிமை பெற எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் விழும் இடைவெளிதான் சமூகங்களைக் கெடுக்கிறது.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். அதை நாம் உள்ளிருந்து பார்த்திருக்கிறோம். 1820களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பியவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

1869இல் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காப்பி போய்த் தேயிலை வந்ததும் எல்லாம் மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்தை ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை எடுத்தே ஆகவேண்டும், ஆண்டு முழுக்க. ஆகவே துரைமாருக்குக் குடும்பமாக இருந்து வேலை செய்யும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டினார்கள், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் ஒரு இஸ்தோப்புமாக (முன் திண்ணை). ஆனால் சட்டத்தின் கண்ணிலும் அரசியலின் கண்ணிலும் இவர்கள் இன்னும் "வந்து போகிற கூலிகள்"தான். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தக் கடனை வேறொரு தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது.

இங்கே வேகத்தைத் தீர்மானித்தது யார் என்று பார்க்க வேண்டும். தோட்டக் கம்பனி. அதற்கு வேண்டியது கைகள். எத்தனை பேர், எப்போது என்பதை அதுவே முடிவு செய்தது. வந்தவரைக் கேட்கவில்லை. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மக்களையும் கேட்கவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும், காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலத்தையும் அரசுடையதாக எண்ணியது. அது பிறகு தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. தன் மாடு மேய்ந்த மலை ஒரே தலைமுறையில் தேயிலையாவதைக் கண்டிய விவசாயி பார்த்தார். அங்கே வேற்று மொழி பேசும் ஆயிரக்கணக்கானோர் குடிவைக்கப்பட்டதையும் பார்த்தார். நிலத்தை எடுத்தவன் லண்டனில் இருந்தான். கண்ணுக்குத் தெரிந்தது லயத்தில் இருந்தவன். கோபம் கண்ணுக்குத் தெரிந்தவன் மேல் பாய்ந்தது. வேகமான குடிவரவுக்கு எதிராக ஒரு உள்ளூர்வாசி பேசும்போது அதை இனவெறி என்று உடனே தள்ளிவிட என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான்.

முதலாளிகள் வேகத்தை முடிவு செய்யும் இடங்களில் இன்னொன்றும் நடக்கும்: தற்காலிகம் என்று சொன்னது தற்காலிகமாக இருக்காது. ஜெர்மனி இதற்கு நல்ல சாட்சி. 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டபோது, இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டும், புது ஆள் வருவார் என்பதுதான் ஏற்பாடு. வேலை பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி பழக்குவது தொழிற்சாலைகளுக்குப் பிடிக்கவில்லை. 1964இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியோடு ஆட்சேர்ப்பை நிறுத்தியபோது, வெளியே போனால் திரும்ப வரமுடியாது என்று தெரிந்த தொழிலாளர்கள் போகாமல் தங்கிவிட்டார்கள், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பு அடிப்படையில் பிரஜாவுரிமை என்ற சட்டம் வந்தது 2000இல்தான். நாற்பது ஆண்டு இடைவெளி. தேயிலைத் தோட்டத்தில் நடந்ததும் ஜெர்மன் கார்த் தொழிற்சாலையில் நடந்ததும் ஒரே கதைதான் என்பேன்.

அப்புறம் வளைகுடா. சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மார் இல்லாத தோட்டம் மலையகத்தில் உண்டா? இந்த வழிக்கு ஒரு பலமான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உரிமை எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்பதால்தான் அந்த நாடுகள் இவ்வளவு பேரை எடுக்கின்றன. கட்டாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சொந்தப் பிரஜைகள் சனத்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நிரந்தர உரிமை தரவேண்டும் என்று வற்புறுத்தினால் கதவு பாதியாகச் சுருங்கும், அப்போது நட்டப்படுவது போக விரும்பும் ஏழைதான் என்கிறார்கள். உண்மை. எங்கள் பக்கம் ஏழு பேர்ச் காணியில் அரைகுறையாக நின்ற வீட்டுக்குக் கூரை விழுந்தது மத்திய கிழக்குக் காசில்தான். கொழுந்துக் காசில் அது நடக்காது; அரை நாள் மழை வந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிற கணக்கு இது.

ஆனாலும் வீசா முதலாளியின் கையில் இருக்கும் வரை அது துண்டு முறையின் தம்பிதான். கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்வது, சம்பளம் தராவிட்டாலும் வேறு வீடு மாற முடியாமல் இருப்பது எல்லாம் நம் பாட்டன் காலத்தில் இதே மலையில் நடந்தவை. குறுகிய கால வேலைக்கு இந்த வழியை நான் முழுக்கத் தள்ளவில்லை. கடவுச்சீட்டு தன் கையில் இருக்க வேண்டும், முதலாளியை மாற்ற முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் இரண்டு மூன்று வருடம் போய் வருவது ஒரு குடும்பத்தின் நியாயமான முடிவு. ஒரு நாடு தன் பொருளாதாரத்தையே தலைமுறைக் கணக்கில் இதன் மேல் கட்டுவதுதான் பிழை.

இரண்டாவது வழிக்கு வருகிறேன்: நிறுத்து, குறை. இது வரும்போது எப்போதும் அளவான வார்த்தைகளில்தான் வரும். 1939இல் இந்தியா, இலங்கைக்குத் தோட்டத் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. கதவு அந்தப் பக்கமிருந்து மூடப்பட்டது. வரத்து நின்றுவிட்டதால் இங்கே பயம் தணிந்திருக்க வேண்டும் அல்லவா? தணியவில்லை. 1946 சனத்தொகைக் கணக்கில் இந்தியத் தமிழர் 11.7 சதவீதம். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தகப்பனின் பிறப்பைப் பதியாத ஒரு காலத்தைச் சேர்ந்தவர்களிடம் தகப்பனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள்.

1949இல் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம் என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தார்கள். கலியாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. எங்கள் அப்பாயியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. சேலைகளுக்கு அடியில், எண்ணெய்த்தாளில் சுற்றி, தோட்டத்து ஒப்பீஸில் வாங்கிய கடிதம், ரேஷன் புத்தகம், செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) பேர் இருந்ததற்கான ஒரு துண்டுக் காகிதம் என்று பத்துப் பதினைந்து தாள்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கும். வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்தத் தாள் எது என்று தடவிப் பார்த்தே சொல்லுவார். ஊருக்குப் போய் ஆறு மாதம் தங்கி வந்த ஒரு காரணத்துக்காக அவர் விண்ணப்பம் தள்ளுபடியானது. அப்பனின் கருமாதிக்குப் போனது "தொடர்ந்து வதியவில்லை" என்பதற்குச் சாட்சியானது.

பிறகு 1964 ஒக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். வேகத்தைப் பற்றிப் பேசும் எவரும் இதைப் படிக்க வேண்டும், ஏனென்றால் வேகத்தையே சூத்திரமாக எழுதிய ஒப்பந்தம் இது. 9,75,000 பேர் நாடற்றவர் என்று எண்ணினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். காலம் 15 வருடம். ஏழு பேர் போனால் நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 35,000 பேரைக் கப்பலேற்ற வேண்டும், 20,000 பேரைப் பதிய வேண்டும். ஒருவருடைய உரிமை இன்னொருவர் தலைமன்னாரில் ஏறுவதில் தொங்கியது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரிடம் விருப்பம் கேட்டபோது கணக்கு உதைத்தது. 5,25,000 என்று எழுதிய இந்தியப் பங்குக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 4 இலட்சம் பேர்தான்.

அந்த வேகம் குடும்பத்துக்குள் என்ன செய்தது? அண்ணன் இந்தியாவுக்குப் பதிந்தான், தம்பி இங்கே பதிந்தான், தாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு வருடம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு குடும்பம் பணிய லயத்திலும் இருக்கும், மேல் லயத்திலும் இருக்கும். போனவர்களில் ஒரு பகுதியினருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்துக் கூடை. இங்கே "இந்தியாக்காரன்" என்றவர்கள் அங்கே "சிலோன்காரர்" ஆனார்கள். 1984இல் போரினால் கப்பல் நின்றது. 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. 1948இல் தொடங்கியது முடிய 55 வருடம்.

இதனால் கண்டிய விவசாயிக்கு என்ன கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் பேரைச் சொல்லித்தானே செய்தார்கள். தோட்டத்து மக்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் தொகுதி பிரிக்கும்போது அவர்கள் தலையும் எண்ணப்பட்டது. ஆகவே மலைநாட்டுக் கிராமத்து வாக்குக்குக் கனம் கூடியது. அரசியல்வாதிக்கு இலாபம். நிலம்? 1972, 1975 காணிச் சீர்திருத்தம் வரை தோட்டங்கள் கம்பனிகளிடமே இருந்தன. நம் சனத்துக்கு 1952 முதல் 1977 வரை தேர்தலில் வென்ற ஒரு பிரதிநிதியும் இல்லை. பயம் குறைந்ததா? 1977இலும் 1981இலும் 1983இலும் லயங்களுக்குத் தீ வைத்தார்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். உரிமையைத் தாமதித்தால் உள்ளூர் மக்களின் அச்சம் தணியும் என்பவர்களுக்கு என் பதில் இந்த வரலாறுதான். இவ்வளவு தாமதித்தும் அச்சம் தணியவில்லை. வாக்கில்லாதவனைத் திட்டினால் எந்த அரசியல்வாதிக்கும் ஒரு வாக்கும் குறையாது. ஆகவே திட்டு நிற்காது.

இப்போது கனடா. அதன் பலம் கணக்கில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நிரந்தர வதிவிடம் கிடைத்த ஒருவர் ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் அங்கே இருந்தால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடம். அதனால்தான் ரொறன்ரோவில் தமிழர் நகரசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் வேகமாகப் போனார்கள். அவர்களைத் திட்டி ஓட்டு வாங்குவது அங்கே சுலபமில்லை.

அப்படியானால் ஏன் 2024இல் பிரேக் போட வேண்டி வந்தது? கனடா மூன்றாவது வழியில் தொடங்கி, சத்தமில்லாமல் முதலாவது வழிக்குச் சறுக்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிரந்தர வதிவிடத்தின் எண்ணிக்கையைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார்கள், எல்லோரும் அதை விவாதித்தார்கள். ஆனால் உப்பிக்கொண்டே போனது தற்காலிக மாணவரும் தற்காலிக வேலையாட்களும். அந்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பே இருக்கவில்லை. வேகத்தை முடிவு செய்தவை கட்டணம் வாங்கும் கல்லூரிகளும் மலிவாக ஆள் தேடிய கம்பனிகளும். 2023இல் சனத்தொகை 3.2 சதவீதம் கூடியது. 1957க்குப் பிறகு அவ்வளவு வேகம் இல்லை. வீட்டு வாடகை ஏறியது, ஆஸ்பத்திரியில் காத்திருப்பு நீண்டது, குடிவரவை வரவேற்ற மக்களே முகம் சுளித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீடு கட்டுவதற்கு ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்டி ஆள் எடுத்தால் ஒரு அறையில் ஆறு பேர் படுப்பார்கள். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தற்காலிகமாக இருப்பவர்களை 2026 முடிவுக்குள் சனத்தொகையில் 5 சதவீதமாக இறக்குவது என்று கனடா இலக்கு வைத்தது. யாரைக் குறைக்கிறார்கள் என்பதே என் கேள்வி. இன்னும் வராதவருக்குக் கதவை ஒடுக்குவது வேறு; காணி விற்றுக் கட்டணம் கட்டி, அங்கே மூன்று வருடம் வரி செலுத்தியவரிடம் "அனுமதி முடிந்தது, போ" என்பது வேறு. முன்னது ஒரு நாட்டின் உரிமை. பின்னது 7க்கு 4 கணக்கின் இன்னொரு வடிவம்.

பிள்ளையை அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்கும் இதிலிருந்து ஒரு முடிவு வரும். படித்து முடித்தால் நிரந்தரம் நிச்சயம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் நம்பி நகையை வைக்காதீர்கள். அந்தக் கல்வியே அதன் செலவுக்குத் தகுமா என்று பாருங்கள். நிரந்தர வதிவிடத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய தொழிற்தகைமை இருந்தால், தாதியர் படிப்போ மின்தொழிலோ எதுவானாலும், இரண்டு வருடம் தாமதமானாலும் அந்தப் பாதையே மேல். வீசாவில் இருக்கும் திகதியைவிட, அந்த வீசா எதுவாக மாறலாம் என்பதுதான் முக்கியம்.

கடைசியாக நம் சொந்த நாடு. இலங்கையை ஆள் அனுப்பும் நாடாக மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரும் தலைகள் குறைந்துகொண்டே போகின்றன. இளம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். நாடும் வயதாகிக்கொண்டு வருகிறது. கட்டுமானத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஏற்கனவே இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு கம்பனி "இங்கே ஆள் இல்லை, வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கிறோம்" என்று கேட்டால், அந்தச் சபையில் எழுந்து நிற்கவேண்டிய முதல் ஆட்கள் மலையகப் பிரதிநிதிகள். வராதே என்று சொல்ல அல்ல. ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதைக் கம்பனி முடிவு செய்யக்கூடாது, பாராளுமன்றம் முடிவு செய்ய வேண்டும். அதில் அந்தப் பிரதேச சபைகளுக்கும் கிராமங்களுக்கும் குரல் வேண்டும். வீடு இருக்கிற அளவுக்குத்தான் ஆள். வந்தவர் முதலாளியை மாற்றலாம். ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தவர் நிரந்தரமாகலாம்.

அதோடு ஒரு சட்டத் திருத்தம். இன்றைக்கும் இலங்கை மண்ணில் பிறந்ததால் மட்டும் ஒரு பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடையாது. தாயோ தகப்பனோ பிரஜையாக இருக்க வேண்டும். வம்சாவளி என்ற 1948இன் அடிப்படை மாறவே இல்லை. நமக்குக் கிடைத்த 2003 சட்டம் நமக்கு மட்டுமான விதிவிலக்கு. நாளை இங்கே வேலைக்கு வரும் ஒரு நேபாளத் தொழிலாளியின் பிள்ளை ஹட்டன் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஹட்டன் பள்ளிக்கூடத்தில் சிங்களமும் தமிழும் படித்து வளர்ந்தாலும் அந்தப் பிள்ளை நம் அப்பாயி நின்ற அதே வரிசையில்தான் நிற்கும். முதல் ஒப்பந்தத் தொழிலாளி விமானத்தில் ஏறுவதற்கு முன்பே அந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.